பிரேக் மிதிக்க ஓர் ஆள்

தொண்ணூற்று நாலாம் வருஷத்து ஐப்பசியில், நல்ல பகல் வெளிச்சத்தில், மாசாணத்தின் பிக்கப் வண்டி கோவில்பாளையத்துக்கு அப்பால் ரோட்டை விட்டு இறங்கி ஒரு புளியமரத்தில் மோதியது. மோதிய வேகத்தில் சுழன்று, பக்கத்துச் சோளக்காட்டில் இடது பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. சோமனூர்த் தறிகளுக்குப் போகவேண்டிய நூல் மூட்டைகள் சேற்றில் உருண்டன. மாசாணத்துக்குக் காறை எலும்பும் சில விலா எலும்புகளும் முறிந்தன. வண்டியில் வேறு யாரும் இல்லை. ரோட்டில் போன எவருக்கும் அடி இல்லை. எதிரே மோத வந்த வண்டி என்று எதுவும் அங்கே நிற்கவில்லை. ஆகவே டிரைவர் தூங்கிவிட்டான் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். மாசாணம் மறுத்துப் பேசவில்லை.

அது ஜீப்பின் மூக்கும் பின்னால் சரக்குத் தொட்டியும் கொண்ட பழைய டீசல் வண்டி. ஒரு நூற்பாலையில் வெகுகாலம் ஓடித் தேய்ந்தபின், அங்கே டிரைவராக இருந்த மாசாணமே அதை வாங்கிக்கொண்டான். அவன் அப்பாவும் அப்பாவின் அப்பாவும் துடியலூரைச் சுற்றிய தோட்டங்களில் பண்ணையாட்களாக இருந்தவர்கள். அந்தக் குடும்பத்தில் சைக்கிளுக்கு மேற்பட்ட ஒன்றைச் சொந்தமாக வைத்திருந்த முதல் ஆள் அவன்தான்.

டிராக்டரில் கட்டி இழுத்துவந்து வீட்டுக்கு முன்னால் இருந்த காலி வாசலில் அதை விட்டுப் போனார்கள். காலனியே வந்து சுற்றி நின்று பார்த்தது. முன்பக்கம் இடது மூலை உள்ளே போயிருந்தது. கேபின் கூரை ஸ்டீயரிங்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. ரேடியேட்டர் கிழிந்து, இன்ஜின் தன் இடத்தைவிட்டு ஒரு சாண் பின்னால் நகர்ந்திருந்தது. தொட்டி மட்டும் எதுவும் நடக்காததுபோல் இருந்தது.

"உக்கடத்துல எடைக்குப் போட்டுருங்க. இதுக்கு மேல இத ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்கள்.

மாசாணத்தின் மனைவி பாவாத்தாள் ஒரு பம்புசெட்டுக் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றும் வேலை செய்தாள். வாரக்கணக்கில் அவள் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. மாசாணம் தோளில் கட்டுடன் வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டு வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். கட்டுப் பிரித்த மறுநாள் காலை, அவள் வேலைக்குக் கிளம்பும்போது, அவன் ஸ்பேனர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பானெட்டின் மீதிப் போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, இப்பத்தான கட்டுப் பிரிச்சாங்க?"

"கனமா எதும் தூக்கலை. போல்ட்டத்தான கழட்டறேன்."

சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது வண்டிக்கு முகம் இல்லை.

அப்படித் தொடங்கிய வேலை அடுத்த வருஷம் ஆடிவரை போயிற்று. வெள்ளக்கிணறு பிரிவில் கிரில் பட்டறை வைத்திருந்த ராமுலு, மாசாணத்தின் பழைய சிநேகிதன். ஞாயிற்றுக்கிழமைகளில் கேஸ் சிலிண்டரையும் வெல்டிங் சாமானையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வருவான். இன்ஜினைச் சங்கிலி கட்டித் தூக்கி இறக்கிய பிறகு, வளைந்த சேசிஸ் அடிச்சட்டத்தை நிமிர்த்துவதுதான் பெரிய பாடாக இருந்தது. தண்டவாளத் துண்டு ஒன்றை வாசலில் ஆழப் புதைத்து, அதில் சங்கிலியை மாட்டி, வளைந்த இடத்தை ராமுலு கேஸ் தீயில் சிவக்கக் காய்ச்ச, மாசாணம் ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இழுத்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு, முன் இடது துளையிலிருந்து பின் வலது துளைக்கும், முன் வலதிலிருந்து பின் இடதுக்கும் நூல் பிடித்துப் பார்ப்பார்கள். நூலின் மறுமுனையைப் பாவாத்தாள் பிடித்தாள். இரண்டு நூலும் ஒரே நீளத்துக்கு வரும்வரை அந்த இரும்பு நேராகவில்லை என்று அர்த்தம். மார்கழி முழுக்க இரண்டும் ஒத்துவரவில்லை. தைப் பொங்கல் கழித்துத்தான் வந்தன. ராமுலு வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த நூலையே திரும்பத் திரும்பப் பார்த்தான்.

"மாசாணா, இதப் பண்ணுனது நாமதானா?" என்றான்.

கேபின் உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. ஏதோ அரசாங்க ஏலத்தில் போன ஜீப்பின் பச்சை நிறக் கேபின். ஒரு கதவு அதோடு வந்தது, இன்னொரு கதவு வேறொரு வண்டியிலிருந்து மஞ்சளாக வந்தது. கதவு சட்டத்தில் உட்காராமல் துருத்திக்கொண்டு நின்றதால், கீலை மூன்று தடவை வெட்டி மூன்று தடவை ஒட்டினார்கள். ரேடியேட்டரை ஈயம் வைத்து ஒட்டிக்கொண்டு வந்தார்கள். பழைய ஒயர்களை எலி கடித்திருந்தது. அதைப் பிடுங்கிப்போட்டுவிட்டுப் பாவாத்தாள் புதிதாக இழுத்தாள். மோட்டார்க் காயிலுக்குச் சுற்றுகிற பருத்தி நாடாவை ஒயர்க் கற்றை மேல் இறுக்கிச் சுற்றி, மேலே வார்னிஷ் பூசினாள். டைனமோவின் காயில் கருகியிருந்தது, அதையும் அவளே சுற்றினாள். ஹெட்லைட் முதன்முதலாக எரிந்தபோது எதிர்வீட்டுச் சுவரோரம் ஆடு ஒன்று அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றது.

இன்ஜின் பிடித்த அன்று காலனியில் பாதிப்பேர் வாசலில் இருந்தார்கள். மாசாணம் வண்டிக்கு வெளியே நின்றபடியே, ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பினான். கரும்புகை கக்கி, இருமி, பிறகு ஒரே சீராக ஓடத் தொடங்கியது. ஜனம் கைதட்டியது. யாரோ எலுமிச்சம்பழம் வாங்க ஓடினார்கள்.

"ஒரு ரவுண்டு போயிட்டு வாய்யா" என்றான் ராமுலு.

"பிரேக்குல காத்து இருக்குது. எடுத்துப்போட்டுப் பாக்கோணும்."

பிரேக்கில் காற்று இருக்கத்தான் செய்தது. அதை வெளியேற்ற இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்கவேண்டும், இன்னொருவர் சக்கரத்தருகே படுத்துக்கொண்டு குழாயைத் திறந்து மூடவேண்டும். பாவாத்தாள் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கீழேயிருந்து அவன் குரல் மட்டும் வந்தது.

"மிதி… மிதி… புடிச்சுக்க. உடாத. ம், உடு."

இது ஒரு தடவையோடு முடியவில்லை. அடுத்த வாரம் பின்சக்கரப் பிரேக்கில் சத்தம் வருகிறதென்று மறுபடி பிரித்தான். அதற்கடுத்து மாஸ்டர் சிலிண்டரை மாற்றினான். பிறகு கியர்பெட்டியில் ஏதோ உராய்கிறதென்று இறக்கிப் பார்த்து, ஒன்றும் இல்லாமல் மறுபடி ஏற்றினான். வெயில் காய்ந்து பெயின்ட் கெட்டித்த பிறகு, பட்டி சரியில்லை என்று ஒரு பக்கத்தைத் தேய்த்தெடுத்து மறுபடி அடித்தான். ஒவ்வொரு தடவையும் பெடல் மிதிக்கப் பாவாத்தாளைக் கூப்பிட்டான். ஒவ்வொரு தடவையும் வண்டியை ஒரு முழம் முன்னால் எடுக்கவேண்டியிருந்தால், ராமுலு வரட்டும் என்று காத்திருந்தான்.

ஆடி நோம்பிப் பண்டிகைக்கு முன்னால் சோமனூரிலிருந்து சுந்தரராஜுலு ஸ்கூட்டரில் வந்தார். தறிக்கூடம் வைத்திருப்பவர். விபத்தில் சேற்றில் உருண்டது அவருடைய நூல்தான். ஆனாலும் மாசாணத்தின் வண்டியைத் தவிர வேறு வண்டி அவருக்கு ஒத்துவரவில்லை. சொன்ன நேரத்துக்கு யாரும் வருவதில்லை என்றார். வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார்.

"ஏம்ப்பா மாசாணம், புது வண்டியாட்டம் பண்ணிப்போட்டயே! திங்கக்கெழமை ஒரு லோடு இருக்குது. வந்துருவயா?"

"பிரேக்கு இன்னும் சரியில்லீங்க. பாத்துப்போட்டுச் சொல்றனுங்க."

"என்னப்பா, போன மாசமும் இதையேதான சொன்னே?"

மாசாணம் கையிலிருந்த துணியால் ஏற்கெனவே சுத்தமாக இருந்த பம்பரைத் துடைத்தான். சுந்தரராஜுலு இன்னும் கொஞ்சம் நின்றுவிட்டு, பாவாத்தாளிடம் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு, சோற்றைப் போட்டு அவன் முன்னால் வைத்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"பிரேக்கு நல்லாத்தான இருக்குதுங்க. மிதிக்கறது என்ற காலு. எனக்குத் தெரியாதா?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"ஆசுபத்திரியில இருந்து வந்ததுல இருந்து நீங்க ஒருவாட்டிகூட அந்தச் சீட்டுல உக்காரலை."

"உக்காந்தனே."

"எப்ப?"

அவன் சோற்றைத் தட்டின் ஓரமாகத் தள்ளினான். "உக்காந்தா கை வேர்க்குது" என்றான். "ஸ்டீயரிங்கு வழுக்கற மாதிரி வேர்க்குது. சாவி போடறதுக்கு முந்தியே."

இதைச் சொல்லிமுடித்ததும் அவன் சாப்பிடத் தொடங்கினான். மந்திரித்துக் கட்டவேண்டும், மாசாணியம்மனுக்கு வேண்டிக்கொள்ளவேண்டும் என்றெல்லாம் பாவாத்தாளுக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் மறுநாள் வேலைக்குப் போய், ஒரே மாதிரிக் காயில்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அவளுக்கு வேறொன்று தோன்றியது. அந்தச் சீட்டில் இத்தனை நாளாக உட்கார்ந்தவள் அவள்தான். கிளட்ச் எத்தனை ஆழம், பிரேக் எந்த இடத்தில் பிடிக்கும், கியரை எந்தப் பக்கம் தள்ளினால் எது விழும் என்று வண்டி நகராமலே அவளுக்குப் பாதி தெரியும்.

சாயங்காலம் வந்ததும் சொன்னாள். "எனக்குச் சொல்லிக் குடுங்க. நான் ஓட்டறேன்."

அவன் சிரிப்பான் என்று அவள் நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை. அவளை வண்டியைப் பார்ப்பதுபோலவே மேலிருந்து கீழாகப் பார்த்தான்.

"காலு எட்டுமா?"

"இத்தன நாளு எட்டாமயா மிதிச்சேன்?"

துடியலூருக்கு மேற்கே வீட்டுமனைகளாகச் சைட் போட்டு விற்காமல் கிடந்த பூமி ஒன்று இருந்தது. முள்ளுச்செடியும், நட்டுவைத்த எல்லைக் கற்களும்தான் அங்கே. ராமுலு வண்டியை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டுக் கல்லின்மேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான். மாசாணம் இடது பக்கம் ஏறி, இரண்டு கையாலும் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். வண்டி முதல் தடவை துள்ளி நின்றது. இரண்டாம் தடவையும் நின்றது. அவன் கத்தவில்லை. "கிளட்ச்ச மொல்ல உடு. அது தானா இழுக்கும். நீ தள்ள வேண்டாம்" என்று மட்டும் சொன்னான். நாலைந்து தடவைக்குப் பிறகு வண்டி நகர்ந்தது. அவள் கூச்சல் போட்டதைக் கேட்டு ராமுலு பீடியைக் கீழே போட்டுவிட்டான்.

அந்த மாதத்தில் அவள் ஓர் எல்லைக் கல்லைச் சாய்த்தாள். மூவருமாகச் சேர்ந்து அதைத் தூக்கி நட்டுவிட்டு வந்தார்கள். அது பழைய இடத்திலேயே நடப்பட்டதா, யாருடைய சைட்டு எவ்வளவு குறைந்தது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

எல் போர்டு வாங்கிக் கட்டியபின் ரோட்டுக்கு வந்தார்கள். மாசாணத்துக்கு லைசென்ஸ் இருந்ததால் பக்கத்தில் உட்கார அவனுக்குத் தகுதி இருந்தது. முதலில் துடியலூருக்குள், பிறகு மேட்டுப்பாளையம் ரோட்டில், பிறகு சரவணம்பட்டி வரை. பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சில பையன்கள் விசிலடித்தார்கள். பாவாத்தாள் முன்கண்ணாடியில் தெரிந்த ரோட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள், "சோமனூர் போயி அவருகிட்ட வண்டியக் காட்டிப்போட்டு வருவமுங்க" என்றாள். அந்த வழி எதைத் தாண்டிப் போகும் என்பது இருவருக்கும் தெரியும். மாசாணம் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து ஏறினான்.

கோவில்பாளையம் தாண்டியதும் அவன் மறுபடி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். ரோடு வலது பக்கம் திரும்புகிற இடத்தில் வரிசையாகப் புளியமரங்கள் நின்றன. ஒரு மரத்தில் பட்டை உரிந்து, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது.

"சித்த நிறுத்து" என்றான்.

ஓரம் கட்டி நிறுத்தினாள். இன்ஜினை அணைத்ததும் காட்டுக்குள் கிணற்று மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. அவன் இறங்கவில்லை. கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு பேசினான்.

"நான் தூங்கலை, பாவாத்தா."

"தெரியுமுங்க."

"ஒனக்கு என்ன தெரியும்? ஒரு பஸ்ஸு. மாட்டுவண்டிய முந்திக்கிட்டு நேரா என்ற பக்கம் வந்துட்டான். எடது பக்கம் ஒடிச்சேன். அங்க பாரு, அந்த மொத மரம். அதுக்கடியில ஒரு பொம்பள நின்னுச்சு. இடுப்புல கொழந்த. நேரா அவிங்க மேலதான் போறேன். அது ஓடக்கூட இல்ல. என்னையவே பாத்துக்கிட்டு நின்னுச்சு. மறுபடி ஒடிச்சு, ரெண்டாவது மரத்துல கொண்டுபோயி உட்டேன்." கைப்பிடியில் கையை மாற்றிப் பிடித்தான். "மோதுனதுகூட நெனப்பு இல்ல. அந்தக் கொழந்தையோட மூஞ்சிதான். சீட்டுல உக்காந்தா அதுதான் எதுக்க இருக்குது."

"இத ஏனுங்க யாருகிட்டயும் சொல்லலை?"

"சொன்னா? பஸ்ஸு போயிருச்சு. பொம்பளையும் இல்ல. வண்டியப் படுக்கப் போட்டவன் ஆயிரம் சொல்லுவான்னு சொல்லியிருப்பாங்க."

பாவாத்தாள் கதவைத் திறந்து இறங்கினாள். எதிர்ப்பக்கம் ஓலை வேய்ந்த ஒரு டீக்கடை இருந்தது. அவள் நேராக அங்கே நடந்தாள். மாசாணம் வேறு வழியில்லாமல் பின்னால் வந்தான்.

"ரெண்டு டீ குடுங்க" என்றாள். டீ வந்ததும் கேட்டாள். "ஏனுங்கண்ணா, போன வருஷம் அந்த மரத்துல ஒரு வண்டி மோதுச்சுல்லங்க?"

"ஆமா அம்மணி. நூல் வண்டி. நான் அப்பக் கடையில இல்ல, சாமான் வாங்கப் போயிருந்தேன்." கடைக்காரர் மாசாணத்தையோ, ரோட்டோரம் நின்ற வண்டியையோ அடையாளம் காணவில்லை. வண்டியை யாருக்குத்தான் தெரியும், அதில் பாதி வேறு வண்டி. "நம்ம சின்னத்தாயிதான் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்துச்சு. பஸ்ஸுக்கு. கையில கொழந்த வேற."

மாசாணம் டம்ளரைப் பலகைமேல் வைத்தான்.

"அவிங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?" என்று கேட்டாள் பாவாத்தாள்.

"அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்குது. அந்தா, அந்தத் தோட்டத்துச் சாளையிலதான் குடி. இன்னிக்குக் கடலைக்காய் புடுங்கப் போயிருக்கும். கொழந்த இப்ப நடந்து வந்து என்ற கடையில பன்னு கேக்குது." அவர் அடுப்பைக் கிளறினார். "அந்த டிரைவரு வேணும்னேதான் மரத்துக்குத் திருப்புனான்னு அது அன்னிக்கிருந்தே சொல்லும். பாக்கறவங்ககிட்டயெல்லாம் சொல்லும். ஆரு வந்து கேட்டாங்க? போலீசு வந்துச்சு, வண்டிய அளந்துச்சு, போயிருச்சு. அந்த மனுசன் பொழச்சானோ என்னமோ."

"பொழச்சுட்டாருங்க" என்றாள் பாவாத்தாள்.

கடைக்காரர் அவளைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். மாசாணம் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தத் தோட்டத்துச் சாளை வீடு இருக்கும் பக்கம் பார்த்து நின்றான். தோள் குலுங்கியது. அவள் கிட்டே போகவில்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டு, ஆறிப்போன அவன் டம்ளரைக் கொடுத்து வேறு சூடாகப் போடச் சொன்னாள். கடைக்காரர் அதற்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

திரும்ப வண்டிக்கு நடக்கும்போது அவள் வலது பக்கக் கதவருகே நின்று அவனைப் பார்த்தாள். அவன் ஸ்டீயரிங்கை ஒரு தரம் பார்த்துவிட்டு, சுற்றிப்போய் இடது பக்கம் ஏறிக்கொண்டான். அவள் வண்டியை எடுத்தாள். கைப்பிடியை அன்று அதற்குமேல் அவன் பிடிக்கவில்லை.

சோமனூரில் சுந்தரராஜுலு தறிக்கூடத்திலிருந்து வெளியே வந்து, டிரைவர் பக்கத்திலிருந்து பாவாத்தாள் இறங்குவதைப் பார்த்தார். தறிச் சத்தத்தில் காது சரியாகக் கேட்காதவர்போல இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஓட்டிக்கிட்டு வந்தது ஆரு?"

"நானுங்க. வண்டி செஞ்சது அவரு. ஓட்டறது நானு."

"மாசாணம், என்னப்பா இது?"

"நல்லா ஓட்டுதுங்க" என்றான் மாசாணம். "என்னையவிட நிதானமுங்க."

சுந்தரராஜுலு எல் போர்டைப் பார்த்தார். "அதெல்லாஞ் செரி அம்மணி. என்ற நூல ஒருவாட்டி சேத்துல பாத்தாச்சு. லைசென்ஸ வாங்கிப்போட்டு வா, லோடு தர்றேன்" என்றார். ஒரு மூட்டைகூட ஏற்றவில்லை. வெறும் வண்டியோடுதான் திரும்பினார்கள். வரும் வழியில் பாவாத்தாள் அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். மாசாணம், "அவரு சொல்றது நாயந்தான" என்று சொல்லி அதற்கும் திட்டு வாங்கினான்.

லைசென்ஸ் பரீட்சையில் எட்டுப் போடச் சொன்னபோது, அங்கிருந்த டிரைவிங் ஸ்கூல்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். அவள் எட்டை எல்லைக் கற்களுக்கு நடுவே நூறு தடவை போட்டிருந்தாள். ஆனால் சரக்கு வண்டி ஓட்டுவதற்கான பேட்ஜ் கிடைக்க மேலும் ஒரு வருஷம் காத்திருக்கச் சொன்னார்கள். அதுவரை கூலிக்கு ஒரு டிரைவரைப் போட்டு வண்டி ஓடியது. அந்த ஆள் கியரைக் கர்ரென்று மாற்றும் ஒவ்வொரு தடவையும், வாசலில் நின்ற மாசாணத்தின் முகம் சுருங்கும்.

அந்த ஒரு வருஷத்துக்குள் வேறொன்றும் நடந்தது. கணுவாயில் கவிழ்ந்த ஒரு வேனை, மாசாணம் வண்டி கட்டிய கதையைக் கேள்விப்பட்டு, அதன் சொந்தக்காரர் இழுத்துக்கொண்டு வந்து வாசலில் விட்டார். அதை ராமுலுவும் அவனுமாகச் சரிசெய்தார்கள். அது போனதும் இன்னொன்று வந்தது. தண்டவாளத் துண்டு புதைத்த இடத்தின்மேல் தகரக் கொட்டகை போட்டார்கள். ராமுலு கிரில் பட்டறையைத் தம்பியிடம் விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டான்.

மாசாணம் பிறகு வண்டி ஓட்டினானா என்று கேட்பார்கள். இல்லை. ஒருநாள் மத்தியானம், யாரும் இல்லையென்று நினைத்து, அவன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கிளட்ச்சை மிதித்துக் கியரைப் போட்டு, கொஞ்சநேரம் அப்படியே இருந்துவிட்டு இறங்கியதைப் பாவாத்தாள் வீட்டுக்குள்ளிருந்து பார்த்தாள். வெளியே வந்து, "தண்ணி வேணுமாங்க?" என்று கேட்டாள். "குடு" என்றான். முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனான். அவளும் அதை யாரிடமும் சொல்லவில்லை. சின்னத்தாயியை அவர்கள் அடுத்த தைநோம்பிக்குப் போய்ப் பார்த்தார்கள். குழந்தை மாசாணத்தைப் பார்த்துப் பயந்து அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. பிறகு பன்னை வாங்கிக்கொண்டது.

பேட்ஜ் வந்த பிறகு பாவாத்தாள் கம்பெனி வேலையை விட்டாள். சுந்தரராஜுலு சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். வாரத்தில் சில நாள் சோமனூர், மற்ற நாள் கிடைக்கிற ஊர். தொண்ணூற்றேழில் ஒருநாள் தாராபுரத்துக்கு மோட்டார் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது, மாசாணம் கொட்டகையில் ஒரு ஜீப்பின் அடியில் படுத்திருந்தான். கால் மட்டும் வெளியே தெரிந்தது.

"ஏனுங்க, சோறு மூடி வெச்சிருக்கறேன். ராமுலண்ணனுக்கும் இருக்குது. நேரத்தோட தின்னுங்க."

"பின்டயர்ல காத்து பாத்தயா?"

"பாத்தாச்சு."

"பல்லடத்துல ரோடு தோண்டிப் போட்டிருக்காங்க. பாத்துப் போ."

"சரிங்க. வாரேன்" என்று சொல்லி அவள் வண்டியை எடுத்தாள்.